கழுவாத மண்

மூன்றாவது செடிப்பெட்டியை நிரப்பிய அன்று அப்பாவும் நானும் ஒரே வாளியைச் சேர்ந்து தூக்கினோம். மண்ணை லாரிக்காரர் வாசலில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். அங்கிருந்து வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். சந்தில் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியாது. அப்பா கையைப் பின்னுக்கு நீட்டி வாளிப் பிடியில் பாதியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மறு பாதி என் கையில்.

"மீட்டர், பின்னாலேருந்து இடிக்காத. நான் என்ன தள்ளுவண்டியா?"

"நீங்கதான்பா நின்னு நின்னு போறீங்க."

"வயசானவன் நிப்பான். நீ பிரேக்கப் பிடி."

மீட்டர் என்பது நான். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று பள்ளிக்கூட நாளில் அவர் வைத்த பெயர். பிற்பாடு மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உலோகங்களை அளக்கும் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, தன் வாக்கு பலித்துவிட்டதாக எதிர்வீட்டு டெய்லரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பெட்டி நிறைந்ததும் ஒரு பலகையை மேலே வைத்து இழுத்து மண்ணை மட்டப்படுத்தினார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். சுவரில் பட்டி பார்த்து முடித்ததும் மேடு பள்ளம் தெரிகிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்.

"செடிக்கு எதுக்குப்பா மட்டம்?"

"செடிக்கு வேணாம். பாக்குறவனுக்கு வேணும்."

பிறகு நிமிர்ந்து மூன்று பெட்டிகளையும் பார்த்தார். வர்ணம் பூசாத பச்சை மரம். பூசக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பெயிண்டராக இருந்தவருக்கு அது தாங்கவில்லை.

"குளிச்ச புள்ளைக்குத் துணி போடாம தெருவுல விட்ட மாதிரி இருக்கு" என்றார். "வெளிப்பக்கம் மட்டும் ஒரே ஒரு கோட்?"

"வேணாம்ப்பா."

"இப்பல்லாம் காரீயம் இல்லாத பெயிண்ட்டுதான்டி வருது."

"வேணாம்."

"சரி. மீட்டர் ஓடிடுச்சு. இனி பேசி என்ன."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்பா சுத்தக்காரர். வேலைக்குப் போகும்போது போட்ட சட்டை வேறு, வேலையில் போடும் சட்டை வேறு, வீட்டுக்குள் போடும் சட்டை வேறு. பெயிண்டர் என்றால் முழங்கையில் ஒரு சொட்டு, காதில் ஒரு சொட்டு இருக்கும். அவரிடம் இருக்காது. "எம்மேல பெயிண்ட் இருந்தா சுவர்ல அவ்வளவு கொறையுதுன்னு அர்த்தம்" என்பார். கடையில் தரும் வர்ண அட்டையில் இருக்கும் பெயர்களை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் சொந்தப் பெயர் உண்டு. ஆபீஸ் பச்சை. ஆஸ்பத்திரி நீலம். பல்வலி மஞ்சள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அடித்திருப்பது "மாமியார் வந்த வெள்ளை". யார் வந்தாலும் குறை சொல்ல முடியாதது என்று பொருள்.

அவர் வேலை பார்த்த காலத்தில் பாதி நேரம் பூசுவதில் போகாது, சுரண்டுவதில் போகும். பழைய வீட்டு ஜன்னல், கதவு, கம்பி இவற்றில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பழைய வர்ணத்தைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தூள் கொட்டும். வீட்டுக்காரரின் தரை அழுக்காகக் கூடாது என்று கீழே கனமான படுதா விரித்திருப்பார். மாலையில் அந்தப் படுதாவை நாலாக மடித்து, சைக்கிளில் கட்டி, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

வாசல் வழியாக வர மாட்டார். சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போவார். தண்ணீர்க் குழாயை ஒட்டி, வெயில் நன்றாக விழும் ஒரு மூலை. அங்கே நின்று படுதாவை உதறுவார். ஒரு உதறு, திருப்பி இன்னொரு உதறு. பிறகு கை கால் கழுவி, சட்டை மாற்றி, உள்ளே வருவார். வீட்டுக்குள் ஒரு பொட்டுத் தூசி வந்ததில்லை. அம்மா அதை எல்லோரிடமும் சொல்வாள். "தொழில் அழுக்கு. மனுஷன் அழுக்கில்ல."

முழங்கால் ஏணி ஏற மறுத்ததும் வேலையை நிறுத்தினார். அதே வருஷம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வேலைக்குத் திரும்பியபின் பகலில் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டாள். வீட்டில் குழந்தைக்குப் பெயர் வாண்டு. தவழ ஆரம்பித்த நாளிலிருந்து தாத்தா எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறையில்தான் அவளும் இருப்பாள். அவர் எழுந்து போனால் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டுப் போவாள். "பெயிண்டரே, ரோலர் வாங்கியிருக்கீங்க போல" என்பார் டெய்லர்.

வாண்டுவுக்குத் திட உணவு தொடங்கிய நாளில் அப்பாவுக்கு அந்த எண்ணம் வந்தது. கடையில் வாங்கும் கீரையில் மருந்து அடிக்கிறார்கள். தக்காளியை எப்போது பறித்தார்களோ தெரியாது. குழந்தைக்கு நாமே போட்டுக் கொடுத்தால் என்ன? கொல்லையில் இடம் பார்த்தார். வெயிலும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். குழாயை ஒட்டிய அந்த மூலை.

நான் சொன்னது ஒன்றுதான். பழைய வீடு, பழைய சுவர், அந்தக் காலப் பெயிண்ட்டில் காரீயம் இருக்கும். மண்ணை ஒருமுறை சோதித்துவிட்டுப் போடுங்கள்.

"நம்ம வீட்டு மண்ணுக்கா டெஸ்ட்டு?" என்று அம்மா சிரித்தாள். "அடுத்து எனக்கும் டெஸ்ட் எடுப்பா."

"உனக்கு எடுத்தா மிஷின் ரிப்பேர் ஆயிடும்" என்றார் அப்பா. ஆனால் ஒப்புக்கொண்டார்.

எங்கள் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டுப் பொருளைத் தாங்களே உள்ளே எடுத்துப் போகக் கூடாது. வெளியாளைப்போல கவுண்டரில் கொடுத்து எண் வாங்க வேண்டும். சோதிப்பவருக்கு அந்த எண் மட்டும் தெரியும். அதனால் மாதிரி எடுப்பதும் கொண்டு போவதும் அப்பாவின் பொறுப்பு. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். கவுண்டரில் இருக்கும் அம்மாளோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, அவர் தலைக்கு மேல் சுவரில் ஈரம் ஏறியிருப்பதைக் காட்டி, எந்தப் பக்கக் குழாய் கசிகிறது என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

முடிவு வந்தது. குறை ஒன்றுமில்லை. காரீயம் வரம்புக்கு எவ்வளவோ கீழே. அப்பா அந்தத் தாளை மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

கீரை விதைத்தார். தக்காளி நாற்று நட்டார். வாண்டு பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். விரலைச் சப்பினாள். கீரை நாலு விரல் உயரம் வந்தது.

ஒரு ஞாயிறு மாலை டெய்லர் டீ குடிக்க வந்திருந்தார். கீரையைப் பாராட்டினார்.

"மண்ணு நல்ல மண்ணு" என்றார் அப்பா.

"இருக்காதா பின்ன" என்றாள் அம்மா. "டெஸ்ட்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அரிசி களையற மாதிரி மூணு தண்ணியில களைஞ்சாரே. நாலாவது தண்ணி தெளிஞ்சு வந்ததும்தான் விட்டாரு. எம் பாத்திரத்தக்கூட அப்படிக் கழுவி நான் பாத்ததில்ல."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மண்ணைக் கழுவினீங்களாப்பா?"

"பின்ன? அழுக்கோடயா கொண்டு போறது? அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"மண்ணே அழுக்குதானய்யா!" என்றார் டெய்லர்.

"டாக்டருகிட்ட காலக் காட்டப் போனா கழுவிட்டுத்தான போவோம்? அந்த மாதிரி. கல்லு, வேரெல்லாம் எடுத்துட்டு, கழுவி, வெயில்ல காயவெச்சு, புதுக் கவர்ல போட்டுக் குடுத்தேன். 'இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்ததில்ல'ன்னு அந்தம்மாவே சொன்னாங்க."

டெய்லருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர்தான் முதலில் கவனித்தார்.

விஷயம் எளிது. காரீயம் மண்ணில் சமமாக இருக்காது. பருமணலில் குறைவு, மாவுபோன்ற நுண்துகளில் அதிகம். மண்ணைத் தண்ணீரில் களைந்தால் முதலில் போவது அந்த நுண்துகள். அப்பா நச்சை வடித்துக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த மணலைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்.

இதை நான் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாண்டு?"

அடுத்த நாளே இரண்டாவது மாதிரி போயிற்று. அந்த மூலையிலேயே ஐந்து இடத்தில் தோண்டி, ஒன்றாகக் கலந்து, கழுவாமல். அப்பா அந்தக் கவரைக் கொடுக்கும்போது கவுண்டர் அம்மாளிடம், "மன்னிச்சுக்குங்க, இது கொஞ்சம் அழுக்கா இருக்கும்" என்றாராம்.

முடிவு வந்தது. குழந்தைகள் விளையாடும் மண்ணில் இருக்கலாம் என்று சொல்லப்படும் அளவைப்போல நாலு மடங்கு.

நான் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்திலிருந்து உதிர்ந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பிறகு கொல்லையில் மற்ற இடங்களில் எடுத்துச் சோதித்த மண்ணில் இவ்வளவு இல்லை. அந்த மூலையில் மட்டும் எப்படி? கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கொல்லைக் கதவில் நின்று கேட்டார். பிறகு வெளியே இறங்கி மூலைக்குப் போனார். இரண்டு கையையும் முன்னே நீட்டி, இல்லாத படுதா ஒன்றை ஒரு உதறு உதறினார். திருப்பி இன்னொரு உதறு. கையை அப்படியே கீழே விட்டார்.

"நாந்தானா?" என்றார்.

பதில் சொன்னது அம்மா.

"யானைகூடத் தன் தலையிலதான் மண்ணப் போட்டுக்கும். நீங்க வீட்டுக்கே போட்டிருக்கீங்க" என்றாள். பிறகு எழுந்து போய் அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். "வீட்டுக்குள்ள கொண்டுவரலல்ல. அதப் பாருங்க. உள்ள கொண்டுவந்து உதறியிருந்தா இவளுங்க ரெண்டு பேரும் அதத் தின்னுதான் வளந்திருப்பாளுங்க."

அது உண்மை. அளவுக்கு உட்பட்ட உண்மை.

தங்கை அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்க அழைத்துப்போனாள். அப்பாவும் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோலர் ஓட்டத் தெரியாதவன் அடிச்சிருக்கான்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆஸ்பத்திரி நீலம்கூட இல்ல இது" என்றார். ஊசி குத்தியபோது வாண்டு அவரைப் பார்த்துத்தான் அழுதாள்.

ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை. தொடர்ந்து மண் வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். ஆனால் தங்கை குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டாள்.

"கோவம் இல்லப்பா" என்றாள். "கதவத் தொறந்தா அவ கொல்லைக்குத்தான் தவழ்ந்து ஓடறா. உங்களால ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. அம்மாவாலயும் முடியாது. நான் ஆபீஸ்ல உக்காந்து எத்தன தடவ போன் பண்றது?"

"எப்பக் கொண்டுவருவ?"

"எல்லாத்தையும் சரி பண்ணுங்க. பண்ணிட்டு டெஸ்ட் குடுங்க. சரின்னு ரிப்போர்ட் வந்தா அன்னிக்கே கொண்டுவந்து விடறேன்."

"கழுவாத மண்ணுல."

"ஆமாப்பா" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "கழுவாத மண்ணுல."

அதன்பின் அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. கீரையை வேரோடு பிடுங்கினோம். அதை எருக்குழியில் போடக் கூடாது என்றதும் முகம் சுளித்தார். காரீயம் மக்காது, எங்கே போட்டாலும் அங்கேயே இருக்கும். தக்காளியும் போயிற்று. மூலை மண்ணைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, தூசி பறக்காமல் மேலாகச் சுரண்டி, கனமான பைகளில் கட்டி, ஆபத்தான கழிவு வாங்குகிற இடத்துக்கு அனுப்பினோம். மீதித் தரைக்கு மேல் தடித்த துணி விரித்து, ஜல்லி போட்டு, அதன்மேல் மரச்செதில் பரப்பினோம். சுவரை விட்டுத் தள்ளி மரப்பெட்டிகள். முழங்கால் உயரம், அடியில் துணி, உள்ளே வெளியிலிருந்து வாங்கிய மண்.

அடியில் போடும் துணிக்குத் தானே வழி செய்வதாக அப்பா சொல்லியிருந்தார். ஸ்டூலில் நின்று பரணிலிருந்து இறக்கினார். நாலாக மடித்த பழைய படுதா.

"நல்ல கனம். சும்மாதானே கெடக்கு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் படுதாவைப் பார்த்தார். மெதுவாக, உதறாமல், ஒரு பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலத் தரையில் வைத்தார்.

"நல்லவேளை உதறிப் பாக்கல" என்றாள் அம்மா.

மண் விற்பவரிடமும் அவர்தான் பேசினார். போனில் ஒலிபெருக்கி போட்டிருந்தார்.

"தங்கம் மாதிரி மண்ணு சார்."

"தங்கம் வேணாம்பா. காரீயம் இல்லாம இருந்தா போதும்."

"என்ன சார் கேக்கறீங்க?"

"அதான. கொட்டறதுக்கு முன்னாடி ஒரு பை குடுத்துவிடு. எங்க வீட்ல மீட்டர் இருக்கு."

அந்த மண் தேறியது. முதல் இரண்டு பெட்டிகளில் தக்காளி வைத்தார். கீரை வேண்டாம், தரைக்குக் கிட்ட இருக்கும் இலையில் தூசி அதிகம் படியும், கனி வகையே முதலில் நல்லது என்று நான் சொன்னதை அப்படியே டெய்லரிடம் தன் யோசனைபோலச் சொன்னார். வாசலில் காலணி விடப் பலகை அடித்தார். கொல்லைக் கதவுக்குள் நுழைந்ததும் கை கழுவ ஒரு சின்னத் தொட்டி வைத்தார். பெரியவர்களுக்குக் குனிய வேண்டிய உயரம். வாண்டு எழுந்து நின்றால் எட்டும் உயரம். அவளை அளக்காமல் எப்படி வைத்தார் என்று கேட்டேன்.

"வேட்டியில எவ்வளவு ஒசரத்துல பிடிச்சுத் தொங்குவான்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

பெட்டியில் தக்காளி காய்த்தது. முதல் காய் வெளுக்க ஆரம்பித்ததும் அம்மா பறிக்கப் போனாள். அவர் விடவில்லை.

"ரிப்போர்ட் வராம ஒருத்தரும் தொடக் கூடாது. மொதல்ல அவதான் தின்னணும்."

"நம்ம வயசுக்கு இனி என்ன ஆயிடப்போகுது? ஒண்ணத் தின்னா என்ன?"

"வரிசைல நில்லு" என்றார் அப்பா.

மூன்றாவது பெட்டி நிரம்பிய ஞாயிறு அன்றே மாலையில் மாதிரி எடுத்தார். பெட்டிகளிலிருந்து ஒன்று. மரச்செதிலுக்கு மேலே படிந்த தூசியிலிருந்து ஒன்று. சாப்பாட்டு மேசையில் இரண்டு கவர்களையும் வைத்துக்கொண்டு, மெல்லிய பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து, கறுப்பு மையில் எழுதினார். பேனாவால் எழுதினால் அவருக்குக் கோணும். பிரஷ்ஷால் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். கடைப் பலகைகள் எழுதிய கை.

நான் எட்டிப் பார்த்தேன். மேல் வரியில் பெட்டி மண், தரைத் தூசி என்று இருந்தது. கீழே, இரண்டிலும், கொஞ்சம் பெரிய எழுத்தில்: கழுவவில்லை.

"அது அவங்களுக்குத் தேவையில்லப்பா."

"எனக்குத் தேவை" என்றார். மை காயட்டும் என்று ஊதினார்.

கவர்களைக் கதவுக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் வைத்தார். தேய்த்த சட்டையை ஆணியில் மாட்டினார். தங்கைக்குப் போன் செய்து, "நாளைக்குக் குடுத்துடறேன். வாரக் கடைசியில வந்துரும். அவளுக்குக் கால்ல என்ன செருப்பு அளவு?" என்று கேட்டார்.

திங்கள் காலை அம்மா டீயோடு எழுப்பப் போனாள். அவர் எழவில்லை. இதயம் என்றார்கள். தூக்கத்திலேயே, வலி தெரிந்திருக்காது என்றார்கள். இத்தனை வருஷம் சுவாசித்த தூசிக்கு இதில் பங்கு உண்டா என்று ஒருவர் கேட்டார். இருக்கலாம். அளக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் கொல்லைப் பக்கம் போய் கைகால் கழுவினார்கள். அந்தத் தொட்டி ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். டெய்லர் அவர்களிடம், "அது உங்களுக்கு வெச்சதில்ல" என்றார்.

எல்லாம் முடிந்தபின் தங்கை வாண்டுவோடு இரண்டு நாள் தங்கினாள். குழந்தை ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். கடைசியில் கொல்லைக் கதவில் வந்து நின்று அதைத் தட்டினாள். கம்பி வழியாகப் பெட்டிகள் தெரிந்தன. இரண்டு தக்காளி பழுத்திருந்தது. ஒன்று கிளையோடு சாய்ந்து பெட்டியின் பச்சை மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணக் குடுத்தாத்தான் என்ன" என்றாள் தங்கை, என்னைப் பார்த்து. "மண்ணு ஏற்கெனவே தேறுன மண்ணுதானக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"ரிப்போர்ட் வரட்டும். சொல்லிட்டுப் போயிருக்காரு."

கதவைத் திறக்கவில்லை. தங்கை வாண்டுவைத் தூக்கிக்கொண்டாள். அவள் கை கதவையே காட்டிக்கொண்டிருந்தது.

நேற்று வேலைக்குத் திரும்பினேன். கவுண்டர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை வர்றேன்னு போன்ல சொல்லியிருந்தாரும்மா. சுவத்துல ஈரம் நின்னுடுச்சு, காட்டணும்னு இருந்தேன்" என்றார்.

விதி மாறவில்லை. நான் எடுத்துப் போகக் கூடாது. தங்கையிடம்கூடக் கொடுக்காமல் தானே போவதாக அம்மா சொல்கிறாள், ஆனால் இன்னும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சட்டை ஆணியில் இருக்கிறது. கவர்கள் இரண்டும் அலமாரித் தட்டில், எழுத்து வெளியே தெரியும்படி. கவுண்டர் காலை பத்து மணிக்குத் திறக்கும்.